அந்த ஹால்ட்டில் வண்டி நின்ற காலம்

மக்களே,

சுகமா இருக்கியா? போன வாரம் ரயில்ல போகும்போது நம்ம ஊரு ஹால்ட்டை, அந்தச் சின்ன ரயில் நிறுத்தத்தைப் பாத்துட்டு, "அப்பா, இங்க எப்பவாவது வண்டி நின்னுதா?"ன்னு கேட்டிருந்த. நின்னுது மக்களே.

திருநெல்வேலிக்கு 1876-லயே ரயில் வந்தாச்சு. திருவனந்தபுரத்துக்கு 1918-ல. நடுவுல கெடந்த நம்ம கன்னியாகுமரிப் பக்கத்துக்கு ஒண்ணுமில்ல. ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி கிழக்க போகணும், இல்லேன்னா மேற்க. திருவிதாங்கூர் போச்சு, 1956-ல தமிழ்நாட்டோட சேந்தோம், 1972-ல இந்திரா காந்தி வந்து பாதைக்கு அடிக்கல்லு போட்டாங்க. வண்டி வந்தது 1979-ல. அதுவும் திருவனந்தபுரத்துல இருந்து. திருநெல்வேலிப் பாதை 1981-லதான் சேந்துது. முதல் வண்டியைப் பாக்க உன் தாத்தா வெளுத்த வேட்டி கட்டிட்டுப் போனாரு, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி.

ஹால்ட்டுல ஸ்டேஷன் மாஸ்டரும் கிடையாது, சிக்னலும் கிடையாது. கமிஷனுக்கு ஒரு ஏஜென்ட். பெரிய ஸ்டேஷன்ல காசு கட்டி டிக்கெட்டு வாங்கிட்டு வந்து விப்பாரு. கெட்டி அட்டை டிக்கெட்டு. இரும்பு மெஷின்ல தள்ளினா 'டக்'குன்னு தேதி பதியும். பிளாட்பாரம் தரையோட தரை. ஆச்சி முதல்ல ஏறி நிப்பா. நான் கீழ நின்னு கருப்பட்டிக் கடவத்தை, அந்த ஓலைப் பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிக் கொடுப்பேன். அவ உள்ள இழுத்து வைக்கிறவரைக்கும் வண்டியோட கார்டு பச்சைக் கொடியைக் காட்டமாட்டாரு. அப்படி ஒரு மரியாதை ஆச்சிக்கு.

அப்புறம் வண்டி நிக்காமப் போனதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. செம்மண் மேட்டை வெட்டிப் போட்ட பாதை, வண்டி பிடிக்க பள்ளத்துக்கு இறங்கணும். மேல ரோட்டுலயோ பஸ்ஸு வீட்டு நடைக்கே வருது. டிக்கெட்டு விக்காம கமிஷன் சாயாக் காசுக்குக்கூடத் தேறல. ஏஜென்ட் விட்டுட்டுப் போனாரு, அடுத்து யாரும் வரல. வண்டி நிக்கணும்னு ஊர்க்கூட்டம் போட்டாங்க. பேசினவன் பூரா பைக்லதான் வந்திருந்தான்.

இப்ப இரட்டைப் பாதை வேலை நடக்கு. டிக்கெட்டு கொடுத்த அறை இருக்கே, அந்தப் பக்கமாத்தான் புதுத் தண்டவாளம் வரும்னு பேசிக்கிடுதாங்க. போட்டோ எடுக்கணும்னா பொங்கலுக்கு வரும்போதே எடுத்துக்க. இரணியல் ஸ்டேஷன்ல இறங்கு, நான் வண்டி கொண்டு வாறேன்.

அப்பா