சுழிக்கு முன்னால் குளம்பைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய நம் ஊர்களில் குதிரை ஆசை துளிர்ப்பது மகிழ்ச்சிதான். ஆனால் மாடு பிடிக்கிற கணக்கில் சுழியும் பல்லும் நிறமும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, எந்த வேலைக்கு இந்தக் குதிரை என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார்கள்.

மலிவாகக் கிடைப்பது பந்தயத்தை விட்ட தரோபிரெட் இனக் குதிரை. தடை தாண்டப் பழக்கினால் நன்றாக வரும். அமெரிக்க மாட்டுக்காரர் பாணியான வெஸ்டர்ன் சவாரி வேறு. பந்தயக் குதிரை கடிவாளத்தில் சாய்ந்து ஓடியே பழகியது. லகானை இழுக்க இழுக்க அதுவும் எதிர்த்து இழுக்கும். வெஸ்டர்னிலோ லகான் தளர்வாக ஒரே கையில் இருக்கும். கழுத்தில் வார் உரசியதும் குதிரை திரும்ப வேண்டும். பழக்கத்தை மாற்ற மாதக்கணக்காகும். புதிதாக ஏறுகிறவர் செய்கிற வேலையல்ல அது. அவருக்கு 8 முதல் 15 வயதுக்குள், வேலை தெரிந்த நிதானமான குதிரைதான் சரி.

முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களை வேகமாகச் சுற்றி வரும் பீப்பாய் ஓட்டத்தில் முதல் இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே 90 அடி, அங்கிருந்து மூன்றாவதற்கு 105 அடி. ஒன்றை வலமாகச் சுற்றினால் மற்ற இரண்டையும் இடமாகச் சுற்ற வேண்டும். ஆகவே இரு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பாருங்கள். பின்தொடை கனத்து, 15 கை உயரத்தை ஒட்டி நிற்பது (ஒரு கை 4 அங்குலம்) இதற்கு வாகு. கால் மைல் வேகத்தால் பெயர் வாங்கிய அமெரிக்க இனமான குவார்ட்டர் ஹார்ஸ் இந்தக் கட்டுதான். ரெய்னிங் என்ற வெஸ்டர்ன் போட்டியில் பின்காலை மடக்கிச் சறுக்கி நிற்க வேண்டும். அடியில் கெட்டித் தளமும் மேலே தளர்ந்த மணலும் இல்லாமல், மழை நனைத்த செம்மண் பாதையில் இதை முயன்றால் குதிரையின் கால் போய்விடும். நெடுந்தூர ஓட்டத்துக்கு அரபுக் குதிரை. 2008இல் திரெங்கானுவில் நடந்த உலகப் போட்டியின் தூரம் 160 கிலோமீட்டர்.

ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. வெஸ்டர்ன் சேணமே 15 கிலோ வரும், மிச்சம்தான் உங்களுக்கு.

நம் புழுக்கத்தில் பலர் ஏமாறுவது வியர்வையில். சில குதிரைகளுக்கு, முக்கியமாகக் குளிர்நாட்டிலிருந்து வந்தவற்றுக்கு, வியர்ப்பதே நின்றுவிடும். காலை ஏழு மணிக்குக் காட்டினால் தெரியாது. பிற்பகல் இரண்டு மணிக்கு இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். கழுத்தும் சேணத்தின் அடியும் காய்ந்து கிடக்க, மூக்குத்துளை விரிந்து மூச்சு வாங்கினால் அந்தக் குதிரை வேண்டாம்.

முன்காலின் பின்புறத் தசைநாணை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். சூடோ புடைப்போ இருந்தால் அங்கே காயம் பட்டிருக்கலாம். குளம்பைத் தூக்கி முகருங்கள். கறுத்து நாறினால் ஈரத்திலேயே நின்றிருக்கிறது. அது ஆறக்கூடியது, விலையைக் குறைக்கக் கேட்கலாம். தசைநாண் காயத்துக்கு அந்தப் பேரம் உதவாது.

முதலில் விற்பவரே ஏறி ஓட்டட்டும். நீங்கள் போய்ச் சேரும்போதே குதிரையின் வயிறு நனைந்திருந்தால், துள்ளல் அடங்கட்டும் என்று முன்கூட்டியே ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம். சொல்லாமல் இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். மருந்து கொடுத்து அடக்கியிருக்கிறார்களா என்று பார்க்கக் கால்நடை மருத்துவர் வந்து இரத்தம் எடுக்க விற்பவர் மறுத்தால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்