இரண்டு பாடவேளை தாருங்கள்: வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. இது எந்த வலயத்துக்கான மடல் என்பது தங்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. உயர்தர வணிகப் பிரிவு மன்றத்தின் அலுமாரியிலிருந்து, காசைக் கையாளப் பழக்கும் நான்கு பலகை விளையாட்டுப் பெட்டிகள் எடுத்துச் செல்லப்பட்டதும், "பகடையும் விளையாட்டுக் காசும் பாடசாலைச் சூழலுக்குப் பொருந்தாதவை" என்று குறிப்பு எழுதப்பட்டதும், பெற்றோர் வந்து கதைத்த பிறகு "வாரத்தில் ஒரு பாடவேளைக்கு மேற்படாமல்" என்று அனுமதி கிடைத்ததும் தங்களுக்குத் தெரிந்த கதை. இரண்டு பெட்டிகள் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் இன்னும் பணிமனையில்தான் இருக்கின்றன.

அனுமதிக்கு நன்றி. ஆனால் அந்த அனுமதியால் தடையைவிடக் கூடுதலான கெடுதல் விளைகிறது. ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகள். வாராவாரம் வேண்டாம், மாதத்தில் இரண்டு தடவை போதும்.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். காணி வாங்கி, வீடு கட்டி, வாடகை அறவிடும் மொனோப்பொலி விளையாட்டில் அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேசைகளை ஒட்டிப் போட்டுப் பலகையை விரிக்க ஐந்து நிமிடம். ஆளுக்கு 1,500 வீதம் எண்ணிக் கொடுக்க ஏழு நிமிடம். முடிவில் திரும்ப எண்ணி அடுக்க எட்டு நிமிடம். மிஞ்சுவது இருபது. ஒரு பலகையில் ஐந்து பிள்ளைகள், ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்றால் ஒவ்வொருவரும் நான்கு தடவைதான் பகடை உருட்டலாம். இரண்டு பகடையின் சராசரி ஏழு; நான்கு உருட்டலுக்கு 28 கட்டம். மொனோப்பொலிப் பலகையில் இருப்பது 40 கட்டம். அதாவது, பெரும்பாலான பிள்ளைகள் சம்பளம் 200 தரும் தொடக்கக் கட்டத்தை ஒரு தடவைகூடக் கடப்பதில்லை. காணி வாங்குகிறார்கள், வாங்குகிறார்கள், வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். வாடகை சிறிது, கையில் காசு நிறைய. எல்லோரும் பணக்காரராக இருக்கும்போது மணி அடிக்கிறது.

அந்த விளையாட்டின் பாடம் முழுவதும் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. லண்டன் தெருப் பெயர்கள் உள்ள பதிப்பில் செம்மஞ்சள் நிறக் காணிகள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 180, 180, 200. வீடு ஒன்று 100. முதல் காணியில் வெறும் நிலத்துக்கு வாடகை 14, ஒரு வீட்டோடு 70, இரண்டோடு 200, மூன்றோடு 550, நான்கோடு 750. மூன்றாவது வீட்டுக்குப் போடும் 100 வாடகையை 350 ஆல் கூட்டுகிறது. நான்காவது வீட்டுக்குப் போடும் அதே 100 இருநூறு மட்டுமே கூட்டுகிறது. எல்லை வருவாய் (இன்னும் ஒன்றைச் சேர்த்தால் கூடும் வருவாய்) என்று பொருளியல் பாடத்தில் வரைபடமாக வருவதை இங்கே பிள்ளை தன் கைக்காசை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது.

பிறகு விழுகிறது அடி. மூன்று காணிக்கும் 560, ஒன்பது வீட்டுக்கு 900, ஆக 1,460 போட்டாயிற்று. கையில் 60 தான் மிச்சம். அடுத்தவரின் ஹோட்டலில் போய் நிற்கிறார். வீட்டை வங்கிக்கு விற்றால் பாதி விலை: 450. வீடுகளை விற்ற பின்தான் காணியை ஈடு வைக்கலாம். அதுவும் பாதி: 90, 90, 100. கூட்டிப் பாருங்கள், 730. சொத்து இருக்கிறது, காசு இல்லை என்ற நிலை எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடப்புத்தகப் பக்கம் எதுவும் இல்லை. 90 க்கு வைத்த ஈட்டை மீட்க 99 கட்ட வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கும். எண்பது நிமிடம் இருந்தால் ஆளுக்குப் பன்னிரண்டு உருட்டல், பலகையை இரண்டு சுற்று. தொடங்கும்போதே ஆளுக்கு இரண்டு காணி உறுதிகளைப் பகிர்ந்து விலையை அறவிட்டால் இந்த இடத்துக்குக் கட்டாயம் வந்துவிடலாம். குறுகிய ஆட்டத்துக்கான விதி அது, நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

நாற்பது நிமிட அனுமதியில் பிள்ளைகள் கடனின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். இரண்டாம் பாதியை வெளியே படிப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள், ஐயா. மோட்டார் சைக்கிளை லீசிங்கில் தூக்கிக் கொடுப்பவர்களும், பெண்களைக் குழுவாக இருத்தி நுண்கடன் கொடுத்துவிட்டுக் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பவர்களும், மீற்றர் வட்டிக்காரரும் அதை இலவசமாகவே செய்கிறார்கள்.

பகடை பற்றியும் ஒரு சொல். சூது என்று குறிப்பில் இருந்தது. ஒரு ரூபாய்கூடக் கைமாறாத விளையாட்டு சூது என்றால், பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்து விற்கப்படும் அரசாங்க லொத்தர் சீட்டுக்கு என்ன பெயர் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். தருமர் கெட்டதும் பகடையாலா? தன்னையே தோற்ற பின்னும் பந்தயம் வைத்தாரே, அதனால்தான். எங்கே நிறுத்துவது என்பதைத்தான் இந்தப் பலகைகளில் பழக்குகிறோம். இரண்டு பகடையில் கூட்டுத்தொகை ஏழு விழும் வாய்ப்பு 36 இல் 6. சிறைக் கட்டத்திலிருந்து முன்சொன்ன செம்மஞ்சள் காணிகள் ஆறு, எட்டு, ஒன்பது கட்டத் தொலைவில் இருக்கின்றன: 5, 5, 4, ஆக 36 இல் 14. அடிக்கடி ஆட்கள் போய் நிற்கும் கட்டம் சிறை என்பதால் அந்தக் காணிக்கு ஏன் கூடுதல் விலை கேட்கலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். நிகழ்தகவுப் பாடத்தை இதற்கு மேல் எப்படி நடத்துவது?

இன்னொன்று. மொனோப்பொலியின் மூலமான விளையாட்டுக்கு எலிசபெத் மகி என்ற அமெரிக்கப் பெண் 1904 இல் காப்புரிமை பெற்றார். நில வாடகை ஒரு சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டியாவார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். படிப்பிப்பதற்கென்றே பிறந்த பெட்டி பணிமனை அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

மொனோப்பொலியை நாங்கள் தலையில் தூக்கி வைக்கவில்லை. அது முதலீட்டைப் படிப்பிக்காது. கையிருப்பின் அருமையைத்தான் படிப்பிக்கும். அதுவும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால். வரியும் தண்டமும் பலகையின் நடுவில் குவிந்து 'இலவசத் தரிப்பிடம்' என்ற கட்டத்தில் நிற்பவருக்குப் போகும் என்ற வீட்டு வழக்கம் விதியில் இல்லாதது. அது காசைப் பெருக்கி ஆட்டத்தை இழுக்கும். ஒருவர் வாங்க மறுத்த காணியை உடனே ஏலம் விட வேண்டும் என்ற விதியை அநேகர் விட்டுவிடுகிறார்கள். அதைச் சேர்த்தால் நேரம் குறையும், சரியான விலை என்றால் என்ன என்பதும் விளங்கும். வீட்டில் ஏலச் சீட்டுப் பிடிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் இந்த இடத்தில் மற்றவர்களைவிட வேகம். 'ரிச் டாட் புவர் டாட்' நூலை எழுதிய ராபர்ட் கியோசாகியின் 'காஷ்புளோ' விளையாட்டும் மன்றத்தில் உண்டு. வரவு செலவுத் தாளை ஒவ்வொரு முறையும் எழுத வைப்பது அதன் நல்ல பக்கம். அதில் வங்கிக் கடனுக்கு மாதம் 10 வீதம் கட்ட வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வங்கி வட்டியே அதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

திரும்பி வராத இரண்டு பெட்டிகளில் ஒன்று மாணவர்களே பிறிஸ்ரல் போட்டில் வெட்டிச் செய்தது. அதன் இழப்புத்தான் பெரிது. கனடாவில் 1937 இல் வந்த 'ஸ்டொக் டிக்கர்' என்ற விளையாட்டின் முறை அதில் இருக்கிறது. ஆறு கற்பனைக் கம்பனிகள், பங்கு ஒவ்வொன்றும் 100 ரூபாயில் தொடங்கும். மூன்று பகடை. முதலாவது எந்தக் கம்பனி என்று சொல்லும். இரண்டாவதில் 1, 2 விழுந்தால் விலை ஏறும். 3, 4 என்றால் இறங்கும். 5, 6 என்றால் பங்கிலாபம், அதாவது பங்கு வைத்திருப்பவருக்குக் கம்பனி பகிர்ந்து கொடுக்கும் இலாபம். மூன்றாவது எவ்வளவு என்று சொல்லும்: 5, 10, 20. விலை நூறுக்குக் கீழே இருந்தால் பங்கிலாபம் கிடையாது. இருநூறைத் தொட்டால் பங்கு இரண்டாகப் பிரியும். பூச்சியத்துக்கு வந்தால் கையில் உள்ள பங்கு குப்பைக் கடதாசி.

இதில் முதலில் ஒரு பிழை இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு உருட்டலுக்கும் வாங்கி விற்றார்கள். காரணம், கட்டணம் இல்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் சாதாரண முதலீட்டாளர் வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது இன்னொரு 1.12 வீதம் போகிறது. ஒரு இலட்சத்துக்கு வாங்கியதை விற்று முதலை முழுதாக எடுக்கவே விலை ஏறத்தாழ 2.27 வீதம் ஏற வேண்டும். அந்தக் கட்டணத்தை ஆட்டத்தில் சேர்த்ததும் கைகள் அடங்கின. ஒரே கம்பனி ஐந்து தடவை ஏறியதால் ஆறாவது தடவையும் ஏறும் என்று எல்லாக் காசையும் அதில் கொட்டும் பழக்கம் மட்டும் சுலபத்தில் போகவில்லை. அது போக எத்தனையோ தடவை விளையாட வேண்டும். பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்திலேயே கிளை இருக்கிறது. பதினோராம் தரக் கணிதத்தில் பங்குச் சந்தை ஒரு பாடமாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இந்த அட்டைப் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

அதே பெட்டியில் கடன் அட்டைகளும் இருந்தன. "50,000 ரூபாய், ஒரு வருடம், வட்டி 24 வீதம்" என்று ஒரு அட்டை. மாதத் தவணை 5,167. பிள்ளைகள் ஆயிரம் ரூபாய் வில்லைகளாக ஐம்பதை அடுக்கி மாதாமாதம் குறைப்பார்கள். ஆறாம் மாதத்தில் கடன் தொகையில் பாதியளவு திரும்பிப் போய்விட்டது, வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் அறவிடப்படுகிறது என்று அப்போது கண்ணால் காண்பார்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அந்த 24 உண்மையில் ஏறத்தாழ 42 வீதம். இந்த ஒரு அட்டை தெரிந்திருந்தால் கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்திருக்கக்கூடிய தாய்மார் எத்தனை பேர் என்று தங்கள் வலயத்துப் பாடசாலை வாசல்களில் நின்று கேட்டுப் பாருங்கள்.

விலையேற்ற அட்டையும் உண்டு: செலவு 70 வீதம் கூடும், சம்பளம் அப்படியே. மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். நிதிக் கம்பனி முறியும் அட்டையில் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான் என்று எழுதியிருக்கிறது. ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டம் பற்றிய அட்டையில், ஒருவர் மூவரைச் சேர்த்துக்கொண்டே போனால் பன்னிரண்டாம் அடுக்கில் 5,31,441 புதியவர்கள் தேவை. அதற்குமுன் சேர்ந்தவர்களையும் கூட்டினால் 7,97,160. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை ஆறு இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. இப்படியான திட்டங்கள் சட்டப்படி தடை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில் வருகின்றன, படித்தவர்களே முதலில் சேர்கிறார்கள்.

படித்தவர்கள் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணக்கீட்டில் 'ஏ' எடுத்த பிள்ளை தன் தகப்பனின் லீசிங் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல முடியாமல் நிற்பதை நாங்கள் மட்டுமா காண்கிறோம்? விளையாட்டுப் போட்டிக்குப் பதாகையும் குடிநீரும் தரும் நிதிக் கம்பனிகளுக்குப் பாடசாலை வாசல் திறந்தே இருக்கிறது. அவர்களின் விளம்பரத் தாளைப் பொருந்தாதது என்று யாரும் குறிப்பெழுதவில்லை. மூன்று பகடை உள்ளே வந்ததும் ஒழுக்கம் கெட்டுவிட்டது. ரியூசன் கொட்டிலில் ஞாயிறு முழுவதும் முந்தைய வினாத்தாள் செய்யலாம். மன்றத்தில் எண்பது நிமிடம் யோசிக்கக் கூடாது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

மாதத்தில் இரண்டு தடவை, அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை வணிக மன்றத்துக்கு ஒதுக்கும்படி அதிபர்களுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இடைவேளைக்கு முந்திய இரண்டு பாடவேளைகளாக இருந்தால் நல்லது, அடுக்கி வைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இடைவேளைக்குள் போனாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒரு பலகைக்கு ஐந்து பேர், வங்கி பார்க்க ஆறாமவர்; ஆறு பலகை இருந்தால் 36 பேர் கொண்ட வகுப்பு முழுவதும் அமரலாம். பொறுப்பாசிரியர் ஒருவர் போதும். மேலதிகக் காசு எதுவும் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தால் பணிமனையிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். தயவுசெய்து முதல் நாற்பது நிமிடத்தோடு எழும்பிப் போகாதவராக அனுப்புங்கள்.

பூட்டியிருக்கும் இரண்டு பெட்டிகளையும் அடுத்த தவணை தொடங்குமுன் திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும். மொனோப்பொலிப் பெட்டியில் 28 உறுதி, 32 வீடு, 12 ஹோட்டல் இருக்க வேண்டும். வங்கியில் வீடு முடிந்தால் யாரும் கட்ட முடியாது என்பது விதி. ஆகவே ஒரு வீடு குறைந்தாலும் கணக்கு மாறும். கையளிக்கும்போது எண்ணிப் பார்த்துத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வணிகப் பாட ஆசிரியர்களும் மன்றப் பொறுப்பாளர்களும்,
யாழ்ப்பாணம்.