மனு சேர்ந்த நாளே கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்களுக்கான உடல்குறை இழப்பீடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, மனு ஏற்கப்பட்டால் காயம் பட்ட நாளிலிருந்தே நிலுவை கிடைக்கும் என்கிறது. அது தவறு. வெளிநாட்டவரை அமெரிக்கப் படைகளில் சேர்க்க 2009-இல் தொடங்கிய மாவ்னி ஆள்சேர்ப்புத் திட்டம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அவ்வழியே சேர்ந்தவர்களின் வீடுகளிலும் உங்கள் இதழ் படிக்கப்படும் என்பதால் இதைத் திருத்துவது அவசியம்.

வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறை இரண்டு தேதிகளைப் பார்க்கும்: மனு தன்னிடம் வந்த நாள், தகுதி உண்டான நாள். இரண்டில் எது பிந்தியதோ அதுவே தொடக்கத் தேதி. முழங்கால் இருபது வருடமாக வலித்தாலும், மனு போன மாதம்தான் சேர்ந்தது என்றால் கணக்கும் போன மாதத்திலிருந்துதான்.

முக்கியமான விலக்கு, பணியிலிருந்து விடுபட்ட முதல் ஓராண்டு. அதற்குள் மனு சேர்ந்தால் விடுபட்ட மறுநாளே தொடக்கத் தேதி. 2023 ஜூன் 30-இல் விடுபட்டவர் 2024 ஜூன் முடிவதற்குள் மனு கொடுத்திருந்தால் 2023 ஜூலை 1 அவருக்குக் கிடைக்கும். பணம் அடுத்த மாதமான ஆகஸ்ட் முதல் கணக்காகும். சில நாள் தாமதித்து ஜூலையில் கொடுத்திருந்தால் ஓராண்டுப் பணம் முழுதும் போயிருக்கும்.

மருத்துவச் சான்றுகள் சேரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலும் இந்த இழப்புக்குக் காரணம். காத்திருக்கத் தேவையே இல்லை. மனு செய்யப்போகிறேன் என்று தெரிவிக்கும் 21-0966 படிவத்தை அனுப்பினால் அந்தத் தேதி ஓராண்டுக்குக் காக்கப்படும். 21-526ஈஇசட் என்ற முழு மனுவை அதற்குள் கொடுத்தால் போதும். ஆனால் காத்த தேதி ஒரே ஒரு முழு மனுவுக்குத்தான் செல்லும். முழங்காலை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, காது இரைச்சலையும் முதுகுவலியையும் பிறகு தனி மனுவாகக் கொடுத்தால் அவற்றுக்குப் பழைய தேதி கிடைக்காது. எல்லாவற்றையும் முதல் மனுவிலேயே எழுதுங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஓராண்டுக்குள் புதிய சான்றோடு துணை மனுவோ (படிவம் 20-0995), மூத்த அதிகாரியின் மறுபரிசீலனையோ (20-0996), மேல்முறையீட்டு வாரியமோ (10182), ஏதாவது ஒரு வழியில் போனால் முதல் மனுவின் தேதி உயிரோடு இருக்கும். மறுபரிசீலனையில் புதிய சான்று சேர்க்க முடியாது என்பதை மறக்க வேண்டாம். ஓராண்டு கடந்த பிறகும் துணை மனு செய்யலாம். வென்றாலும் புதிய தேதிதான். மற்றபடி பழைய தேதிக்குத் திரும்ப, முந்தைய முடிவில் தெளிவான, மறுக்க முடியாத பிழை இருந்ததாக நிரூபிக்க வேண்டும். அல்லது அப்போதே இருந்தும் கோப்பில் சேராத படைத்துறை ஆவணம் பின்னர் கிடைக்க வேண்டும். இரண்டும் கடினம்.

குறை முற்றியதால், இழப்பீட்டை நிர்ணயிக்கும் உடல்குறைச் சதவீதத்தை உயர்த்தக் கேட்பவர்களுக்கு வேறு விதி. மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் குறை முற்றியது என்று மருத்துவப் பதிவு காட்டினால் அந்த நாளிலிருந்து உயர்வு கிடைக்கும். அதற்கும் முன்பே முற்றியிருந்தால் மனு நாள் மட்டுமே. ஆகவே வலி கூடும்போதே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

நச்சுப் புகை, ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாம் போரில் தெளித்த களைக்கொல்லி) பாதிப்புகளுக்கான பாக்ட் சட்டம் 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தானது. அந்த நாள்வரை முன்தேதி பெறும் கெடு 2023 ஆகஸ்ட் 14-இல் முடிந்தது உண்மைதான். ஆனால் சட்டம் வந்த நாளிலிருந்தே தகுதி இருந்தவர் தாமதமாக மனு செய்தாலும், மனுவுக்கு முந்தைய ஓராண்டுவரை கேட்க விதியில் இடமுண்டு.

1981-இல் கடற்படையிலிருந்து விடுபட்ட அரெலானோ, ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து மனு செய்தார். மனநோயே தன்னை முன்பு மனு செய்ய விடவில்லை என்று வாதிட்டார். பணியிலிருந்து விடுபட்ட பின்னான ஓராண்டுக் கெடுவை எக்காரணத்துக்காகவும் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகப்படி அது சரியாக இருக்கலாம். பணியால் மனம் சிதைந்தவருக்கு அது கொடுமை. நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். அதுவரை, அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் குடும்பத்தார் 21-0966 படிவத்துக்கு உடனே உதவுங்கள். அங்கீகாரம் பெற்ற சேவை அமைப்புகள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இப்படிக்கு,
வாசகர்,
சான் அன்டோனியோ, டெக்சஸ்