இணைப்புக்கு அனுமதி தருமுன் குடோனையும் பாருங்கள்

இந்திய போட்டி ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கம்பெனிகளிடம் சரக்கு வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் எழுதுகிறோம். கம்பெனிகள் இணைய நீங்கள் அனுமதி தரும்போது எங்களையும் கணக்கில் எடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஃப்ளிப்கார்ட்டை வால்மார்ட் வாங்க 2018 ஆகஸ்டில் அனுமதித்தீர்கள். 2020 ஜூலையில் வால்மார்ட்டின் பெஸ்ட் பிரைஸ் மொத்தக் கடைகள் ஃப்ளிப்கார்ட் கைக்கே போயின. கடை வியாபாரத்தையும் ஆன்லைனையும் தனித்தனித் தராசில் நிறுத்தும் காலம் அதோடு போய்விட்டது. சரக்கு ஒன்றுதான், போகும் வழிதான் இரண்டு.

இரண்டு கம்பெனிகள் கலந்ததும் முதலில் குழம்புவது பொருள் பட்டியல். ஒன்றில் இருப்பு கேஸ் (பெட்டி) கணக்கு, மற்றதில் பீஸ் கணக்கு. கேஸுக்கு 24 பீஸ் என்றால், குடோனில் இருக்கும் 10 கேஸ் பீஸ் கணக்கில் 240. அலகை மாற்றாமல் எண்ணை மட்டும் ஏற்றினால் கணினியில் 240 கேஸ்! ஆன்லைனில் 'கையிருப்பு உண்டு' என்று காட்டும், ஆர்டர் குவியும். அதை அடைக்க, கடைகளுக்கு ஒதுக்கிய சரக்கில்தான் கை வைப்பார்கள். ஆன்லைன் ஆர்டர் ரத்தானால் வாடிக்கையாளர் போடும் ஸ்டார் மதிப்பீடு குறையும். அண்ணாச்சி கடைக்காரர் ஸ்டார் போடுவதில்லையே.

அடுத்தது க்ளைம், அதாவது கம்பெனி எங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை. பங்குகள் மட்டும் கைமாறினால் இந்தத் தொல்லை இல்லை. கம்பெனியே இன்னொன்றில் கரைந்தால், ஜிஎஸ்டி சட்டம் 87-ஆவது பிரிவின்படி, இணைப்புக்கான தீர்ப்பாய ஆணைத் தேதியோடு பழைய ஜிஎஸ்டி பதிவு ரத்து. பழைய பில்லில் வாங்கிய காலாவதிச் சரக்குக்கும் ஸ்கீம் (சலுகை) பாக்கிக்கும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) யார் போடுவது என்று அங்கேயும் இங்கேயும் கை காட்டுவார்கள். விற்ற நிதியாண்டுக்கு அடுத்து வரும் நவம்பர் 30 தாண்டினால் அதில் வரியைக் குறைக்க வழியில்லை.

அவகாசம் இல்லை என்று சொல்ல முடியாது. ஹார்லிக்ஸ் கம்பெனி இந்துஸ்தான் யூனிலீவரோடு இணையும் என்று 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். நடைமுறைக்கு வந்தது 2020 ஏப்ரல் 1, அதுவும் ஊரடங்கின் நடுவில்.

நிபந்தனையோடு அனுமதிக்கப் போட்டிச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. கணினிகளை இணைக்குமுன் கம்பெனி ஆளும் விநியோகஸ்தரும் சேர்ந்து சரக்கை எண்ணிக் கையெழுத்திடட்டும். பழைய க்ளைம்கள் ஆணைத் தேதிக்குள் தீரட்டும். மிச்சத்தைப் புதிய கம்பெனி எழுத்தில் ஏற்கட்டும். முதல் 90 நாள், கடைகளுக்கான ஒதுக்கீடு முந்தைய மூன்று மாதச் சராசரிக்குக் கீழே போகக்கூடாது.

இப்படிக்கு,
நுகர்பொருள் விநியோகஸ்தர்கள்