‘உம்பர்ட்டோ டி’யையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

இத்தாலியப் படம் என்று பேச்சு எழுந்தால் இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, இன்னொரு இயக்குநர் ஃபெலினி என்று இரண்டு பெயரோடு முடித்துக்கொள்கிறோம். சரி, இரண்டும் தகுதியான பெயர்கள்தான். ஆனால் அதே டி சிகா 1952-இல் தந்த ‘உம்பர்ட்டோ டி’ எனக்கு ஒரு படி மேல். ஓய்வூதியம் வாடகைக்கே போதாத ஒரு முதியவர், அவருடைய நாய் ஃபிளைக், கதை அவ்வளவே. முதியவராக வரும் கார்லோ பட்டிஸ்டி தொழில்முறை நடிகர் அல்ல, மொழியியல் பேராசிரியர். பிச்சை கேட்கத் தயங்கித் தயங்கிக் கையை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வந்ததும் சட்டென்று கையைத் திருப்பி, மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போல் நிற்கிறார். வசனமே தேவைப்படவில்லை. வேலைக்காரப் பெண் காலையில் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டே, உட்கார்ந்த இடத்திலிருந்து காலை நீட்டிக் கதவைச் சாத்தும் காட்சியும் அப்படித்தான்.

அப்புறம் இன்னொரு இத்தாலிய இயக்குநர், எர்மான்னோ ஒல்மி. அவருடைய ‘தி ட்ரீ ஆஃப் வுடன் கிளாக்ஸ்’ 1978-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதன்மை விருதான தங்கப்பனையைப் பெற்றது. வட இத்தாலியின் பெர்கமோ பகுதி விவசாயிகளே நடித்திருக்கிறார்கள். மகனின் மரக்காலணி உடைந்துபோக, பண்ணையாரின் மரத்தை வெட்டிய தகப்பனுக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. மூன்று மணி நேரப் படம். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது நல்லது.

ஒரு வாசகர், மதுரை