உன் கைக்கு இனி நான் கட்டுப் போட மாட்டேன்

மோல்மேன், பர்மா

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மலேசியாவில், கிள்ளானில் நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருக்க அம்மன் துணை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்கிறாய், அதற்குள் லைனும் போய்விடுகிறது. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

யாங்கோன் தெயின்பியூ அரங்கத்தில், நம் பர்மியக் குத்துச்சண்டையான லெத்வேயில் உன்னை மறுபடி மேடை ஏற்றப் பார்க்கிறார்கள் என்பது நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆட்டம் ஏற்பாடு செய்கிறவர் முதலில் என்னிடம்தான் பேசினார். உன் பெயருக்கு இன்னும் டிக்கெட் விற்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தோள் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. ஏன் என்று முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ஒதுங்கி இருந்து திரும்பி வந்த குத்துச்சண்டைக்காரர்கள் என்று நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். ஜார்ஜ் ஃபோர்மன் பத்து வருஷம் ஒதுங்கி இருந்து 1987-ல் திரும்பி வந்தார், 1994-ல் நாற்பத்தைந்து வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். சரி. அவர் என்ன, உடம்பு முறிந்தா ஒதுங்கினார்? பிரசங்கம் செய்யப் போனவர். திரும்பி வந்த பிறகும் எடுத்த எடுப்பில் பெரிய ஆளோடு மோதவில்லை. சின்னச் சின்ன ஆட்டமாக நாலு வருஷம் ஆடிவிட்டுத்தான் 1991-ல் ஹோலிஃபீல்டு முன்னால் போய் நின்றார், அதிலும் தோற்றார். உனக்கு முதல் ஆட்டமே பெரிய ஆட்டம் என்கிறார்கள்.

விட்டாலி கிளிச்கோ கதை உனக்கு இன்னும் நெருக்கம், ஒத்துக்கொள்கிறேன். 2000-ல் பெர்லினில் கிறிஸ் பைர்டை முந்திக்கொண்டு இருந்தபோதே தோள் கிழிந்து, ஒன்பதாவது ரவுண்டுக்குப் பிறகு ஸ்டூலை விட்டு எழவில்லை. 2005-ல் முழங்கால் போய்ப் பட்டத்தையே விட்டுவிட்டார். 2008 அக்டோபரில், இப்போது உனக்கு இருக்கிற அதே முப்பத்தேழு வயதில், சாமுவேல் பீட்டரை எட்டு ரவுண்டோடு உட்கார வைத்தார். ஆனால் ஆளைப் பார். ஆறடி ஏழு அங்குலம். எதிராளியை இடது கையாலேயே எட்ட நிறுத்திவிடுவார். நீ ஒட்டி நின்று, கழுத்தைப் பிடித்து, முழங்கையும் முட்டியும் தலையுமாக ஆடுகிறவன். அவர் மூன்று வருஷம் உடம்பை ஆறவிட்டார். நீ அந்த மாதிரி மூன்று வருஷத்தையும் கிடங்கில் மூட்டை தூக்கிக் கழித்தாய்.

நீ அனுப்பாத ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். டேவிட் ஹேய். தோளில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்து, டாக்டர்கள் விட்டுவிடச் சொல்லியும் திரும்பி வந்தவர். 2017 மார்ச்சில் லண்டனில் டோனி பெல்யூவோடு ஆடும்போது ஆறாவது ரவுண்டில் குதிகால் தசைநார் அறுந்தது. நொண்டிக்கொண்டே நின்று பதினொன்றாவதில் தோற்றார். மறு ஆட்டத்துக்குத் தயாராகும்போது புஜத் தசை போய் ஆட்டமே தள்ளிப்போனது. 2018 மே மாதம் ஏறினார், ஐந்தாவது ரவுண்டில் கதை முடிந்தது. அடுத்த மாதமே ஓய்வு என்று அறிவித்துவிட்டார். பணத்துக்கும் டாக்டருக்கும் குறைவில்லாத மனிதர் அவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வயதான ஆட்டக்காரனுக்குத் தசை சீக்கிரம் திரும்பி வந்துவிடும். இரண்டு மாதம் ஓடி, கயிறு தாண்டினால் பழைய பலம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். எலும்பையும் தசையையும் இணைக்கிற தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தேற மாதக்கணக்கில் ஆகும், வயது ஏற ஏற இன்னும் தாமதம். தசை இழுக்கிற இழுப்பை நாரால் தாங்க முடியாத அந்த இடைவெளியில்தான் அறுந்துபோகிறது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் உனக்கு வந்த இரண்டு காயமும் மேடையில் வந்ததா? பயிற்சியில் வந்தது. "உடம்பு சூப்பரா இருக்குப்பா" என்று நீ சொன்ன வாரங்களில்தான் வந்தது.

தோளைப் பற்றி நீ மருமகளிடம் மறைத்ததை என்னிடம் மறைக்க முடியாது. போன தடவை ஊருக்கு வந்தபோது பரண் மேலிருந்த அண்டாவை எடுக்கக் கையை உயர்த்தினாய். பாதியில் முகம் வெளுத்து, அண்டாவை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்று, வலது கையால் இடது முழங்கையைத் தாங்கி மெதுவாக உள்ளே தள்ளினாய். அம்மா சமையலறையில் இருந்ததால் பார்க்கவில்லை. நான் வாசலில் இருந்து பார்த்தேன். தேய்ந்த தாழ்ப்பாள் மாதிரி ஆகிவிட்டது அந்தத் தோள், தொட்டால் கழன்றுகொள்கிறது.

வலது கை எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே, முறிந்து சேர்ந்த எலும்பு மேடாக நிற்கிறது. அந்த மேட்டின் மேல் காஸ் துணியை ஒரு சுற்று குறைத்து, இரண்டு பக்கமும் கூட்டிச் சுற்றுவேன். அப்படிச் செய்யாவிட்டால் டேப் இறுகியதும் நீ பல்லைக் கடிப்பாய். லெத்வேயில் கையுறை கிடையாது, இந்தத் துணிதான் எல்லாம். எதிரே ஆடுகிற கரேன் இனத்துப் பையன்களுக்கு இது அத்துப்படி. உன் குத்து வரும்போது தலையைப் பின்னால் இழுக்க மாட்டார்கள், நெற்றியைக் கொடுப்பார்கள். நெற்றி எலும்புக்கு ஒன்றும் ஆகாது. உடைவது உன் கைதான்.

அனுபவத்தால் சமாளித்துவிடுவேன் என்கிறாய். கையுறைச் சண்டையாக இருந்தால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது, தள்ளி நின்று புள்ளி சேர்த்தே ஜெயிக்கலாம். நம் பழைய முறை லெத்வேயில் புள்ளியே இல்லை. ஐந்து ரவுண்டும் இருவரும் நின்றுவிட்டால் டிரா. ஜெயிக்க வேண்டுமானால் உள்ளே போய் வீழ்த்தியாக வேண்டும். உள்ளே போனால் வாங்கியும் ஆக வேண்டும்.

இப்போது எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு நிமிஷம். கையுறைச் சண்டையில் நாக் அவுட் ஆனவனை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மேடைக்கு விடமாட்டார்கள். ஒரு முறை அதிர்ந்த மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான். நம் ஆட்டத்திலோ கடைசி ரவுண்டு தவிர மற்றதில், மயங்கி விழுந்தவனுக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் வாங்கலாம். முகத்தில் தண்ணீர் அடித்து, காதைத் தேய்த்து, எழுப்பி, மறுபடி உள்ளே அனுப்பலாம். அந்த நேரத்தைக் கேட்பவன் மூலையில் நிற்பவன். அதாவது நான்.

பா-ஆன் ஊர்ப் பக்கம் ஒரு பயா (புத்தர் கோயில்) திருவிழாவில் நான் கேட்டேன். நீ கண்ணைத் திறந்து, "எத்தனாவது ரவுண்டுப்பா?" என்றாய். சொன்னேன். எழுந்து, கையை மடக்கிப் புஜத்தில் தட்டி, போய் ஜெயித்துவிட்டு வந்தாய். மேளக்காரர்கள் நிறுத்தவே இல்லை. மறுநாள் பஸ்ஸில் வரும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். விழுந்ததற்குப் பிறகு நடந்த எதுவும் உனக்கு நினைவில்லை. எழுந்தது, ஜெயித்தது, மாலை போட்டது, எதுவுமே. அப்போது உனக்கு வயது இருபத்தாறு. பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அதே இரண்டு நிமிஷத்தை இன்னொரு முறை கேட்கச் சொல்கிறாயா? நான் கேட்காமல், ஆட்டம் போதும் என்று மேடையில் துண்டைப் போட்டால் நீ வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டுவாய். கேட்டால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதனால் உன் கைக்கு இனி நான் கட்டுப் போட மாட்டேன். வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்பாய். வைத்துக்கொள். அந்த மேடு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நீயே சொல்லிக்கொடு.

பணம் என்று வந்தால், வீட்டுக் கூரை இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும். பயிற்சிக்குக் கிடங்கில் லீவு, போக வர டிக்கெட், சாப்பாடு, டாக்டர், எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதிப் பார். வரிக் கடனுக்காகத் திரும்பி வந்த ஜோ லூயியும் 1951-ல் உன் வயதுதான். எட்டாவது ரவுண்டில் மார்சியானோ அடித்த அடியில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார், கடனோ தீரவில்லை. அப்புறம் ஊருக்கு வந்து போகிற விஷயம். 2024-ல் அமலுக்கு வந்த கட்டாயப் படைச் சேவைச் சட்டத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன் என்று நீ நிம்மதியாக இருக்கிறாய். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

கடைசி ஆட்டம் தோள் கழன்று பாதியில் நின்றது, அப்படி முடிக்க மனசில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். புரிகிறது. அந்த ஆட்டத்தில் இரண்டாவது ரவுண்டு வரை நீதான் மேலே. அதை எதிராளியே இன்றும் டீக்கடையில் சொல்கிறான். இன்னொரு ஆட்டம் ஆடினால் அதுவாவது ஒழுங்காக முடியும் என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நம் பையன்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். கால் வைக்கிற முறையை முதலில் கற்றுக்கொடு, குத்து தானாக வரும். கழுத்துப் பயிற்சியை விட்டுவிடாதே. துணி சுற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால் வீடியோ காலில் என்னைக் கூப்பிடு, காட்டுகிறேன்.

ஆட்டம் ஏற்பாடு செய்கிற அந்த மனிதர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார். என் வாயால் சொல்லவைக்காதே, நீயே சொல். போஸ்டர் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. படம் ஒட்டிய பிறகு இல்லை என்றால் இந்த ஊரில் நான் மார்க்கெட்டுக்குப் போக முடியாது.

அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்து அனுப்புகிறாள். வருகிற ஆள் போன் செய்வார், எடு.

அன்புடன்
அப்பா