ரிச்சி தெருக் கடைக்காரர்களுக்கு: சத்தம் வரக்கூடாது என்று ஒருவர் கேட்டால்

சென்னை ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்து தரும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

உங்கள் தெருவில் எந்தக் கணினியும் சத்தம் போடாது. ஆட்டோ ஹாரன், தலையில் அட்டைப்பெட்டியோடு "வழி விடு, வழி விடு" என்று வருபவர், பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் சோதிக்கும் பையன். இத்தனைக்கும் நடுவில் கேபினட்டை ஓடவிட்டு "பாருங்க சார், சத்தமே இல்ல" என்றால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அதே கேபினட், ராத்திரி பதினொரு மணிக்கு நான் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தது.

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைப்பவன். வாங்க வந்தபோது அதையும் சொன்னேன். "அப்ப லிக்விட் போட்டுருங்க சார்" என்று உடனே பதில் வந்தது. எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். அந்தப் பதிலை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். லிக்விட் என்றால், சிப்பின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ள, அதை ஒரு பம்ப் ரேடியேட்டருக்குத் தள்ள, அங்கே ஃபேன் ஆறவைக்கும் கூலர். எனக்குக் கொடுத்தது 240 எம்எம் ரேடியேட்டர், ஒன்பதாயிரம் ரூபாய். அது குளிரவைக்க வேண்டியிருந்ததோ ஏஎம்டியின் ரைசன் 7 7700 ப்ராசஸர். வாங்கியபடியே ஓட்டினால் 88 வாட்டைத் தாண்டாத சிப்.

லிக்விடில் ஃபேனை வேண்டுமானால் நிறுத்தலாம், பம்பை நிறுத்த முடியாது. அது நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஃபேன் சத்தம் காற்றுச் சத்தம், காதுக்குப் பழகிவிடும். பம்ப் சத்தம் ஒரே சுருதியில் "ங்ங்ங்" என்று நிற்கும். நான் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு விடும் இடத்திலெல்லாம் அது வந்து உட்கார்ந்துகொண்டது. மென்பொருளில் அழித்தால் குரலின் ஈரமும் கூடவே போகிறது. போதாததற்கு, கணினியைப் போட்டதும் "களக் களக்" என்று சொம்பு கவிழ்ந்த மாதிரி இன்னொரு சத்தம். திறந்து பார்த்தேன். ரேடியேட்டரை முன்பக்கம் தாழ்வாக மாட்டியிருந்ததால் பம்ப் அதைவிட உயரத்தில் இருந்தது. உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று மேலே ஏறி பம்பிலேயே குடியேறிவிட்டது. ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரைக்கு மாற்றினேன். களக் போயிற்று, ங்ங் போகவில்லை.

கடைசியில் இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றை வாங்கி மாட்டினேன், நாலாயிரத்துச் சொச்சம். செப்புக் குழாய்கள் கோத்த இரண்டு தகட்டு அடுக்குகள், அவற்றில் காற்றடிக்க ஃபேன், அவ்வளவுதான். (ஏர் கூலர் என்றதும் ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றி வைக்கிற பெட்டியா என்று அம்மா கேட்டார்.) அம்மா கேட்டது முழுத் தப்பும் இல்லை, இதற்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அந்தச் செப்புக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீரை அடைத்திருப்பார்கள். சிப்பைத் தொடும் முனையில் அது ஆவியாகி, தகடுகள் இருக்கும் முனைக்குப் போய்க் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாகத் திரும்பி வரும். பம்ப் கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. ஃபேன் செத்தால் ஃபேனை மட்டும் மாற்றலாம்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கிற அமைப்புப் பக்கம்) போய் ஃபேன் வேகத்தைக் குறைத்தேன். ஒரு ஃபேனின் சுற்றைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். சிப் 60 டிகிரியில் இருந்தால் என்ன, 75-ல் இருந்தால் என்ன, அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பயாஸில் வந்தபடியே விட்டால் வெப்பம் கொஞ்சம் துள்ளினாலும் ஃபேன் சீறும். இந்த ஐந்து நிமிட வேலையை எனக்கு எந்தக் கடையிலும் செய்து தந்ததில்லை.

லிக்விடுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்டெல் 14900கே போல 253 வாட் வரை இழுக்கும் சிப்பில் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் செய்பவருக்கு 360 எம்எம் ரேடியேட்டர்தான் அமைதியாக இருக்கும். தண்ணீர் மெதுவாகச் சூடேறுவதால் ஃபேன் அடிக்கடி ஏறி இறங்காது என்பதும் உண்மை. கசிவைச் சொல்லியும் பயமுறுத்தமாட்டேன், அது அபூர்வம். ஆனால் எந்தக் கூலரானாலும் சூட்டைக் கடைசியில் அறைக் காற்றில்தான் கொட்ட வேண்டும். மே மாதச் சென்னையில் அறையே 34 டிகிரி என்றால் லிக்விடும் அதற்குக் கீழே போகாது.

பெரிய ஏர் கூலருக்கும் வில்லங்கம் உண்டு. நாக்டுவா கம்பெனியின் என்ஹெச்-டி15 ஏர் கூலரின் உயரம் 165 எம்எம், எடை ஃபேன்களோடு ஒரு கிலோவுக்கு மேல். கேபினட் மூடுமா என்று அளந்து பாருங்கள். மதுரைக்கோ நெல்லைக்கோ பார்சல் போடும்போது தயவுசெய்து கழற்றித் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் மதர்போர்டு வளைந்து போய்ச் சேரும்.

அடுத்த மாதம் தம்பிக்கு ஒன்று வாங்க வருகிறேன். என்ன வேலைக்கு என்று முதலில் கேளுங்கள். பிறகு கடையின் உள்அறைக் கதவைச் சாத்திவிட்டு, கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, என்னை அதன் பக்கத்தில் உட்காரவிடுங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
லிக்விட் கூலரைப் பரணில் போட்டு வைத்திருக்கும் வாடிக்கையாளன்